நடுகல் சேவலும் வீட்டு முதல் கோழியும்

"ஊர்ல இடம் இருக்கு, கோழி வளர்க்கலாம்னு இருக்கேன். எந்தக் கோழி வாங்கலாம்?"

ஐ.டி. வேலையில் இருக்கும் நண்பர்கள் வட்டத்தில் இப்போது அடிக்கடி காதில் விழும் கேள்வி இது. வீட்டிலிருந்தே வேலை என்று ஆன பிறகு விழுப்புரம், திண்டிவனம், செஞ்சி பக்கம் சொந்த ஊருக்கு வந்து செட்டில் ஆனவர்கள் நிறையப் பேர். கொல்லைப்புறம் சும்மாதானே கிடக்குது, பத்துக் கோழி விட்டா என்ன என்று தோன்றுவது இயல்பு. உடனே யூடியூப் பார்ப்பார்கள். கூண்டு அளவு, தீவனக் கணக்கு, மாசம் எவ்வளவு லாபம் என்று எல்லாம் கிடைக்கும். "எந்தக் கோழி" என்ற கேள்விக்குத்தான் தெளிவான பதில் கிடைக்காது.

காரணம் என்னன்னா, கோழி என்ற ஒரே சொல்லில் நாலு விதமான பறவைகளைக் கூப்பிடுகிறோம். எங்க துறை பாஷையில் சொன்னால் ஒரே ரெப்போவில் இருந்து பிரிந்த நாலு பிராஞ்ச். எந்தப் பிராஞ்ச் எங்கே, எதுக்காகப் பிரிந்தது என்று தெரிந்தால் முதல் கோழி எது என்பது தானாகவே விளங்கும். அந்தக் கதையின் ஒரு முக்கியமான பக்கம் நம்ம விழுப்புரம் மாவட்டத்திலேயே கல்லில் இருக்கு.

கோழிக்கு ஒரு கல்

நடுகல் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது ஆநிரை மீட்கப் போய் உயிர்விட்ட வீரன். ஆனால் விலங்குகளுக்கும் கல் நட்டிருக்கிறார்கள். திருவண்ணாமலை மாவட்டம் எடத்தனூரில் மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து நடுகல் ஒன்றில் வீரனோடு அவனுடைய நாயும் இருக்கிறது. அந்த நாய்க்குக் கோவிவன் என்று பெயர் கூடப் பொறித்திருக்கிறார்கள்.

அதற்கும் முந்தையது விழுப்புரம் மாவட்டத்து அரசலாபுரம் கல். அதில் வீரன் கிடையாது. சேவல் ஒன்றுதான் இருக்கிறது. பக்கத்தில் பழைய வட்டெழுத்தில் ஒரு சின்ன வாசகம். முகையூர் மேற்சேரிக்காகச் சண்டையிட்டு மாண்ட கோழி இது என்பது அதன் பொருள். எழுத்தின் அமைப்பை வைத்துச் சுமார் 5ஆம் நூற்றாண்டு என்று கணிக்கிறார்கள். முகையூர் என்ற பெயரில் விழுப்புரம் மாவட்டத்தில் இன்றைக்கும் ஒரு ஊராட்சி ஒன்றியம் உண்டு.

திண்டிவனத்திலிருந்து வடக்கே போனால் மதுராந்தகம் வட்டாரம். அங்கே இந்தளூரில் இன்னொரு சேவல் நடுகல். அது கீழ்ச்சேரிக் கோழி. அதன் பெயர் பொற்கொற்றி. கொற்றம் என்றால் வெற்றி. ஒரு சேவலுக்கு இப்படி ஒரு பெயர் வைத்துக் கல்லிலும் வெட்டியிருக்கிறார்கள் என்றால் அந்த ஊர் அதை எப்படிக் கொண்டாடியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இந்த இரண்டு கல்லிலும் கவனிக்க வேண்டியது, சேவலை ஒரு ஆளின் சொத்தாகச் சொல்லவில்லை என்பது. மேற்சேரிக் கோழி, கீழ்ச்சேரிக் கோழி என்று ஊர்ப்பகுதியின் பெயரால் சொல்கிறார்கள். (அந்தக் காலத்தில் சேரி என்றால் மக்கள் சேர்ந்து வாழும் குடியிருப்பு, அவ்வளவுதான்.) சேவல் ஊரின் சார்பாகக் களத்தில் இறங்கியிருக்கிறது. சோழர் தலைநகரான உறையூருக்கே கோழி என்று ஒரு பெயர் உண்டு. யானையை எதிர்த்து நின்ற சேவலின் கதையை அந்தப் பெயருக்குக் காரணமாகச் சொல்வார்கள். முருகன் கொடியிலும் சேவல்தான்.

ஆக 1500 வருஷத்துக்கு முன்னாடியே இந்த மண்ணில் சண்டைக்கென்று கோழியைப் பொறுக்கி வளர்த்திருக்கிறார்கள். அதுதான் முதல் பிராஞ்ச்.

மஞ்சள் கால் எங்கிருந்து வந்தது?

கொஞ்சம் பின்னோக்கிப் போவோம். வீட்டுக் கோழியின் மூதாதை தென்கிழக்கு ஆசியக் காடுகளில் வாழும் சிவப்புக் காட்டுக்கோழி. இதை டார்வினே சொல்லிவிட்டார். எப்போது வீட்டுக்கு வந்தது என்பதில்தான் நீண்ட நாள் குழப்பம் இருந்தது. பழைய எலும்புகளை மறுபடி ஆராய்ந்து 2022இல் வெளியான ஆய்வுகள், உறுதியாக வீட்டுக் கோழி என்று சொல்லத்தக்க மிகப் பழைய எலும்புகள் தாய்லாந்தின் பான் நோன் வாட் என்ற இடத்தில் கிடைத்தவை என்கின்றன. காலம் கி.மு. 1650க்கும் 1250க்கும் இடையில். நெல்லும் தினையும் பயிரிடத் தொடங்கிய இடத்தில் சிந்திய தானியத்தைத் தேடிக் காட்டுக்கோழி வந்திருக்கிறது, அப்படியே மனுஷனோடு ஒட்டிக்கொண்டது என்பது அவர்கள் விளக்கம். அதாவது நாம் பிடித்துக் கட்டிப்போட்டது அல்ல, களத்து மேட்டுக்கு அதுவே நடந்து வந்தது.

இந்தக் கதையில் தென்னிந்தியாவுக்கும் ஒரு பங்கு உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் இருக்கும் சாம்பல் நிறக் காட்டுக்கோழியின் அறிவியல் பெயரில் சொன்னரா என்ற பிரெஞ்சுக்காரரின் பெயர் இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டில் இந்தியாவில் சுற்றிய இயற்கையியலாளர் அவர். நமக்குப் பக்கத்தில் இருக்கும் புதுச்சேரியிலும் தங்கியிருந்தவர். வீட்டுக் கோழிகளில் பலவற்றுக்குக் காலும் தோலும் மஞ்சளாக இருக்கிறதே, அந்த மஞ்சளுக்கான மரபணு சிவப்புக் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது அல்ல, இந்தச் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று 2008இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் காட்டினார்கள். அமெரிக்கச் சூப்பர் மார்க்கெட்டில் தொங்கும் மஞ்சள் தோல் கோழியிலும் நம்ம ஊர்க் காட்டின் ஒரு துண்டு இருக்கு.

கப்பலேறிப் போய் பிராய்லராகத் திரும்பிய சேவல்

நடுகல் சேவலின் வழியில் வந்த சண்டைக்கோழிகளை இன்று அசில் என்கிறோம். அசலான, கலப்பில்லாத என்ற பொருள் தரும் அரபுச் சொல்லிலிருந்து வந்த பெயர். நம்ம பக்கம் பெருவிடை என்பார்கள். உயரமான கால், அகன்ற நெஞ்சு, இறுகிய சதை. பல நூற்றாண்டுகளாகச் சண்டையில் ஜெயித்ததை மட்டும் இனவிருத்திக்கு விட்டால் உடம்பு அப்படித்தான் ஆகும்.

19ஆம் நூற்றாண்டில் இந்த அசில் இங்கிலாந்துக்குப் போனது. கிழக்கிந்திய கம்பெனிப் படையில் இருந்த சர் வால்டர் கில்பர்ட் என்ற தளபதி தன் சொந்த ஊரான கார்ன்வாலில் அசிலை உள்ளூர்ச் சண்டைக்கோழியோடு கலந்தார் என்று சொல்கிறார்கள். அப்படி உருவான இனத்துக்கு ஆரம்பத்தில் 'இந்தியன் கேம்' என்றே பெயர். பின்னால் அது கார்னிஷ் ஆனது. சண்டைக்கு அது பெரிதாக உதவவில்லை. ஆனால் நெஞ்சுச் சதை மட்டும் நன்றாக இருந்தது.

1948இல் அமெரிக்காவில் 'நாளைய கோழி' என்று தேசிய அளவில் ஒரு போட்டி நடந்தது. குறைந்த நாளில் அதிகக் கறி தரும் கோழி எது என்று பார்ப்பதுதான் போட்டி. ஜெயித்தது கார்னிஷ் கலப்பினம். இன்றைய பிராய்லரின் தந்தை வழி அந்தக் கார்னிஷ்தான். 35, 40 நாளில் 2 கிலோவைத் தாண்டும் வெள்ளைக் கோழி அப்படி வந்தது. இது இரண்டாவது பிராஞ்ச். முகையூர் மேற்சேரிக்காகச் சண்டை போட்ட சேவலின் சொந்தக்காரன் உலகத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, நம்ம தெருமுனைக் கறிக்கடைக்கு வந்து நிற்கிறான்.

அடையை மறந்த கோழி

மூன்றாவது பிராஞ்ச் முட்டைக்கோழி. இத்தாலியின் லிவோர்னோ துறைமுகத்துப் பெயரால் வந்த வெள்ளை லெகார்ன். நாட்டுக்கோழி ஒரு பருவத்துக்குப் பத்துப் பதினைந்து முட்டை போட்டதும் நிறுத்திவிட்டு அடையில் உட்கார்ந்துவிடும். அடைகாக்க 21 நாள், குஞ்சைக் கூட்டித் திரிய இரண்டு மாசம். அந்த நாளில் எல்லாம் முட்டை கிடையாது. ஆகவே முட்டை வியாபாரிக்கு அடைகாக்கும் குணம் நஷ்டக் கணக்கு. அடைக்கு உட்காராத கோழிகளையே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்தார்கள். குஞ்சு பொரிக்கும் வேலையை மெஷின் ஏற்றுக்கொண்டது. விளைவு, நாட்டுக்கோழி வருஷத்துக்குச் சுமார் 60 முதல் 80 முட்டை, லெகார்ன் வழிக் கோழி 300க்கு மேல்.

லாரி பாடி கட்டுவதற்குப் பேர்போன நாமக்கல் முட்டை நகரமானது இந்தக் கோழியால்தான். 1971இல் பி.வி. ராவ் தொடங்கிய வெங்கடேஸ்வரா ஹேட்சரீஸ், 1982இல் உருவான தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு ஆகியவை இந்தியா முழுக்க இந்தத் தொழிலை மாற்றின. அதே 1982இல்தான் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். சில ஆண்டுகள் கழித்து அதில் முட்டையும் சேர்ந்தது. கூண்டுக்கோழியைக் குறை சொல்வது சுலபம். ஆனால் விழுப்புரம் மாவட்டத்துக் கிராமப் பள்ளியில் ஒரு பிள்ளையின் தட்டில் முட்டை விழுவதற்கு அந்தக் கோழிதான் காரணம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 12 கோடிக்கும் மேல் கோழிகள். இந்தியாவிலேயே முதலிடம்.

யாரும் உருவாக்காத கோழி

நாலாவது பிராஞ்ச்தான் சிறுவிடை. திண்ணை ஓரம் மேய்கிற, வைக்கோல் போரில் முட்டை வைக்கிற சாதாரண நாட்டுக்கோழி. இதற்குக் கல்லும் இல்லை, கம்பெனியும் இல்லை, போட்டியும் இல்லை. பொறுக்கி வளர்த்தவர்கள் நம்ம ஊர்ப் பெண்கள். கூடவே பருந்தும் கீரியும்.

எந்தப் பெட்டை ஒழுங்காக அடைக்கு உட்கார்ந்ததோ, எது குஞ்சைக் கூட்டிக்கொண்டு போய்ப் பருந்திடமிருந்து காப்பாற்றியதோ, எது சாயங்காலம் தானாகவே வீட்டுக்குத் திரும்பியதோ, அதைத்தான் நம்ம பாட்டிகள் விற்காமல் வைத்துக்கொண்டார்கள். மோசமான தாய் முதலில் குழம்புக்குப் போகும். நூற்றுக்கணக்கான தலைமுறை இப்படி நடந்தால் மிஞ்சுவது என்ன? முட்டை குறைவு, கறி குறைவு, ஆனால் தாய்மை முழுசாக இருக்கும் ஒரு கோழி. உடம்பு நிறம் கூட மண்ணோடு மண்ணாகத் தெரியாமல் இருப்பது சும்மா வந்தது இல்லை.

இந்தக் கோழியின் பணம் பெரும்பாலும் பெண்கள் கையில் இருந்தது. பிள்ளைக்குக் காய்ச்சல், நோட்டுப் புத்தகம், திடீர் விருந்தாளி, எதற்கும் ஒரு கோழி போதும். கோழி வாங்க முடியாதவர்கள் அடுத்த வீட்டுப் பெட்டையை வாரத்துக்கு வாங்கி வளர்த்துக் குஞ்சில் பாதியைத் தாங்கள் எடுத்துக்கொள்வார்கள். எந்த வங்கிக் கணக்கிலும் வராத பொருளாதாரம். 2012க்கும் 2019க்கும் இடையில் இந்தியாவில் பண்ணைக் கோழி எண்ணிக்கை 5 சதவீதம் கூட ஏறவில்லை. புறக்கடைக் கோழியோ சுமார் 46 சதவீதம் ஏறியிருக்கிறது. பாட்டியின் கோழி போய்விட்டது என்று நினைத்தவர்களுக்குக் கணக்கெடுப்பே சொல்லும் பதில் இது.

வரலாறு கொடுக்கும் நாலு எச்சரிக்கை

கோழி வளர்ப்பில் முதல் தடவை இறங்குபவர் தடுக்கி விழும் இடங்கள் எல்லாம் ஏற்கெனவே உலகம் தடுக்கி விழுந்த இடங்கள்தான்.

ஒன்று, வெள்ளைக்கழிச்சல். 1926இல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் கோழிகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. அடுத்த வருஷமே இமயமலைப் பக்கம் ராணிகேத்தில் அதே நோய். அதனால்தான் இந்தியாவில் அதற்கு ராணிகேத் நோய் என்று பெயர். 1940களில் முக்தேசுவர் ஆய்வகத்தில் அதற்குத் தடுப்பூசி வந்தது. குஞ்சுக்கு முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து, எட்டு வாரம் வாக்கில் இறக்கைக்கு அடியில் ஊசி. வந்த பிறகு மருந்து கிடையாது, வரும் முன் தடுப்பதுதான் வழி. வெயில் ஏறுவதற்கு முன்னால் பிப்ரவரியில் கால்நடைத் துறை முகாம் நடத்துவது இதற்காகத்தான். அரசு கால்நடை மருந்தகத்தில் கேட்டால் நாள் சொல்வார்கள். வெளியிலிருந்து வாங்கி வந்த கோழியை இரண்டு வாரமாவது தனியாக வைத்துப் பிறகு கூட்டத்தில் விடுங்கள். முகாம் போட்ட ஊரில் நோய் புது ஆளோடுதான் நுழையும்.

இரண்டு, வெறும் சோறு. 1890 வாக்கில் ஜாவாவின் படேவியாவில் ஐக்மன் என்ற டச்சு மருத்துவரின் ஆய்வகக் கோழிகள் கால் துவண்டு விழுந்தன. மருத்துவமனைச் சமையலறையில் மிஞ்சிய தீட்டிய அரிசிச் சோற்றைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அதை நிறுத்தித் தீட்டாத அரிசி கொடுத்ததும் தேறின. தவிட்டில் இருக்கும் உயிர்ச்சத்து பி1 கண்டுபிடிக்கப்பட்டதற்கு அந்தக் கோழிகள்தான் ஆரம்பம். ஐக்மனுக்கு 1929இல் நோபல் பரிசு கிடைத்தது. நமக்குக் கிடைக்க வேண்டியது இதுதான்: ரேஷன் அரிசியை மட்டும் அள்ளிப் போட்டுக் கோழி வளர்க்க முடியாது. தவிடு, கம்பு, கேழ்வரகு, கீரை எல்லாம் வேண்டும். குஞ்சுகளுக்குக் கரையான். ஒரு பழைய பானையில் சாணமும் கிழிந்த சாக்கும் வைத்துத் தண்ணீர் தெளித்துக் கரையான் வரும் இடத்தில் கவுத்து வைத்தால், மறுநாள் காலை புரதம் ரெடி.

மூன்று, மல்லாட்டைப் புண்ணாக்கு. நம்ம பக்கம் இதைச் சொல்லாமல் விட முடியாது. மணிலாக்கொட்டையை மல்லாட்டையாக்கிய மண் இது. 1940இல் வெளியான டி.எம்.வி. 2 என்ற புகழ்பெற்ற நிலக்கடலை ரகத்தின் பெயரில் இருப்பதே திண்டிவனம்தான். புண்ணாக்கு நல்ல புரதம். ஆனால் 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேல் வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்தன. தேடிப் பார்த்தால் பிரேசிலிலிருந்து வந்த நிலக்கடலைப் புண்ணாக்கில் பூஞ்சை. அதன் நஞ்சுக்குத்தான் அஃப்ளாடாக்சின் என்று பெயர் வைத்தார்கள். ஐப்பசி மழையில் ஈரம் பட்ட புண்ணாக்கு, பூத்துப்போன கடலை இரண்டும் குஞ்சுக்கு விஷம். வெயிலில் காய வைத்தாலும் அந்த நஞ்சு போகாது. மனுஷனுக்கு ஆகாததைக் கோழிக்குப் போடலாம் என்ற நினைப்பை விடுங்கள்.

நாலு, பேராசை. 2012இல் பெருந்துறை வட்டாரத்தில் ஈமு கோழிப் பண்ணைகள் கவிழ்ந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். குஞ்சு நாங்களே தருவோம், தீவனம் தருவோம், மாசாமாசம் பணம் தருவோம், வளர்ந்ததும் நாங்களே வாங்கிக்கொள்வோம் என்றார்கள். கம்பெனி மூடியதும் பட்டினி கிடந்த பறவைகளுக்கு அரசாங்கமே தீனி போட வேண்டியதாயிற்று. விற்பவரையே வாங்குபவராகவும் நம்பி இறங்கும் எந்தத் தொழிலிலும் ஆபத்து ஒன்றுதான். நாட்டுக்கோழி என்ற பெயரிலும் அதே வாக்குறுதிகள் வரும்.

அப்போ முதல் கோழி எது?

இப்போது ஆரம்பக் கேள்விக்கு வரலாம். பிராய்லர் 40 நாளுக்கான பறவை. கூண்டு முட்டைக்கோழிக்கு அடைகாக்கத் தெரியாது, தீவனம் மூட்டையில் வர வேண்டும். பெருவிடை அழகு, ஆனால் சேவலுக்குச் சேவல் ஆகாது. சேவல்களைச் சண்டைக்கு விடுவதும் 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். புதுசாகக் கற்றுக்கொள்ள வருபவருக்குத் தேவை தனக்கே வேலை தெரிந்த கோழி. அது சிறுவிடைதான்.

நூறு குஞ்சு ஒரே நாளில் இறக்க வேண்டாம். தாயில்லாத குஞ்சுக்கு முதல் வாரம் 95 டிகிரி ஃபாரன்ஹீட் சூடு வேண்டும், பிறகு வாரத்துக்கு 5 டிகிரியாகக் குறைக்க வேண்டும். பல்பு, கரண்ட், ராத்திரி முழிப்பு எல்லாம் உங்கள் தலையில். அதே வேலையைத் தாய்க்கோழி தன் இறக்கைக்கு அடியில் சத்தமில்லாமல் செய்துவிடும்.

உங்கள் ஊரிலேயே, முடிந்தால் உங்கள் தெருவிலேயே, ஏற்கெனவே குஞ்சு பொரித்து வளர்த்த நாலைந்து பெட்டைகளை வாங்குங்கள். ஒரு சேவல் போதும். ராத்திரி அடைக்க உறுதியான கூடு, பகலில் மேய இடம், எப்போதும் சுத்தமான தண்ணீர். அடைக்கு ஒரு வாரத்துக்கு மேல் பழகாத முட்டையாகப் பத்துப் பன்னிரண்டு வையுங்கள். கூடையில் மணலும் வைக்கோலும் போட்டு, ஒரு கரித்துண்டும் காய்ந்த மிளகாயும் வைப்பது நம்ம பக்கத்து வழக்கம். ஏழாம் நாள் இருட்டில் செல்போன் டார்ச்சை முட்டைக்கு அடியில் பிடித்துப் பாருங்கள். ரத்த நரம்பு ஓடினால் கரு கூடியிருக்கிறது. 21ஆம் நாள் குஞ்சு வெளியே வரும். பொரித்த குஞ்சை முதல் சில நாள் தாயோடு கூடையில் கவுத்து வையுங்கள். பத்தில் ஐந்து தேறினாலே அடுத்த சுற்றில் உங்கள் மந்தை தானாகப் பெருகும்.

அதைவிட முக்கியமாக ஒன்று சொல்லணும். கோழி வாங்கும்போது அந்த வீட்டு அம்மாவிடம் பத்து நிமிஷம் உட்கார்ந்து பேசுங்கள். எந்தப் பெட்டை நல்ல தாய், எது முட்டையைக் கொத்தும், எது வேலி தாண்டிப் போய் முட்டை வைக்கும் என்று ஒவ்வொன்றாகச் சொல்வார். சண்டைச் சேவலின் வரலாறு கல்லில் இருக்கிறது. பிராய்லரின் வரலாறு கம்பெனிக் கோப்பில் இருக்கிறது. சிறுவிடையின் வரலாறு அவரிடம் மட்டும்தான் இருக்கிறது. அடுத்த தலைமுறை அந்த வீட்டில் கோழி வளர்க்கவில்லை என்றால், கோழியோடு சேர்ந்து அதுவும் போய்விடும்.

அவர் சொல்வதை ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வையுங்கள். உங்கள் மந்தையின் முதல் ஆவணம் அது.